இடப்பக்கத்துப் பலகைகள்

ஜூன் 11, புதன்

மேற்கேயிருந்து கச்சான் காற்று. வாசலைத் திறந்தால் மணல் வீட்டுக்குள் குடி வந்துவிடுகிறது.

தூத்துக்குடித் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டிய காலமெல்லாம் தினமும் பதிவு எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. மலை மாதிரி கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்து வந்தவன், இப்போது காய்கறிப் பை இழுக்கிறேன். அதையும் எழுதுகிறேன்.

நேற்று ஆல்வினுக்கு இரண்டாம் வருஷப் பூசை. என் ஒரே மகன். கப்பலில் இன்ஜினியராக ஊர் ஊராகச் சுற்றியவனுக்குக் கடலில் ஒன்றும் ஆகவில்லை. லீவில் வந்து திருநெல்வேலி ரோட்டில் பைக்கோடு போய்விட்டான். அவன் அம்மா பிலோமி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்தாள். வீட்டில் இப்போது நானும் மருமகள் டெல்பினும்தான். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிறாள்.

பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. மணப்பாட்டிலிருந்து டெல்பினின் அண்ணன் பெனட் வந்திருந்தான். கை கழுவிய பிறகு மெதுவாகப் பேச்சை எடுத்தான்.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. நெவில்னு ஒரு பையன். நம்ம ஊருதான், கொச்சியில இன்ஜினியரா இருக்கான். தங்கச்சிகளையெல்லாம் கட்டிக்குடுத்துட்டு இப்பதான் தனக்குன்னு பாக்கான். டெல்பினப் பத்திக் கேட்டான்."

நான் தப்பாக நினைக்கவில்லை. தண்ணீர் குடித்தேன். ரொம்ப நேரம் குடித்தேன் போலிருக்கிறது, டம்ளரை வைத்தபோது இருவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டெல்பின்தான் பதில் சொன்னாள். "மொதல்ல அந்தக் கப்பல முடிக்கணும். முடிச்சுட்டுச் சொல்லுதேன்."

"எந்தக் கப்பலு?" என்று பெனட் முழித்தான். அவள் ஆல்வின் அறையைக் கையால் காட்டினாள். அவன் பாதியில் விட்டுப்போன மரக்கப்பல் அங்கே மேஜையில் போர்வைக்குள் கிடக்கிறது.

பெனட் போன பிறகு, "நல்ல சம்பந்தம்தான்" என்று நானே சொன்னேன். அவளுக்கு முப்பத்து மூன்று வயது. பிள்ளை இல்லை. ஒரு கிழவனுக்குச் சோறு பொங்கிப் போட்டே ஆயுசைக் கழிக்க வேண்டும் என்று என்ன தலையெழுத்து? இதை மனதாரத்தான் எழுதுகிறேன்.

ஜூன் 14, சனி

போர்வையை எடுத்தோம். தூசியில் இரண்டு பேருக்கும் தும்மல்.

பழைய டச்சுப் போர்க்கப்பல். பெயர் வரைபடத்தில் இருக்கிறது, என் வாயில் நுழையவில்லை. கடையில் விற்கும் பொம்மைக் கப்பலை ஒரே கட்டையில் குடைந்து வர்ணம் அடித்துவிடுவார்கள். இது அப்படியில்லை. நிஜக் கப்பலைக் கட்டுகிற மாதிரியே கட்டுவது. முதலில் ஏரா என்கிற அடிமரம். அதன்மேல் வரிசையாக விலாச்சட்டங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வளைவு. ஒவ்வொன்றும் சின்னச் சின்னத் துண்டுகளாக மஞ்சக்கடம்பு மரத்தில் வெட்டி ஒட்டியது. அவ்வளவையும் ஆல்வின் செய்து முடித்திருக்கிறான். பார்த்தால் மேஜையில் ஒரு பெரிய மீன் சாப்பிட்டு முள்ளை மட்டும் வைத்த மாதிரி இருக்கிறது. இனி அதன்மேல் தேக்குப் பலகைகளை ஒட்டி உடம்பை மூட வேண்டும். பாய்மரம், கயிறு எல்லாம் வேண்டாம், உடம்பு மட்டும் போதும் என்பது ஆல்வினின் திட்டம்.

டெல்பினுக்கு வேலையைச் சொல்லிக் கொடுத்தேன். இடப்பக்கம் எனக்கு, வலப்பக்கம் அவளுக்கு. ஒரு பலகை இந்தப் பக்கம் ஒட்டினால் அடுத்த பலகை அந்தப் பக்கம். மாற்றி மாற்றித்தான் போக வேண்டும்.

"ஏன், ஒரு பக்கத்த முடிச்சுட்டு மறுபக்கம் போனா என்ன?"

"பலகை காயும்போது இழுக்கும்மா. ரெண்டு பக்கமும் சரிக்குச் சரி இழுத்தாத்தான் நேரா நிக்கும்."

பெரிய நிபுணன் மாதிரிதான் சொன்னேன்.

ஜூன் 22, ஞாயிறு

பலகை வளைவதற்கு வெந்நீரில் ஊற வேண்டும். அதற்கு டீ கெட்டில்தான் தோதாக இருந்தது. சாயங்காலம் டெல்பின் டீ போட்டாள். ஒரு வாய் குடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"மாமா, இது டீயா, கட்டிலா?"

தேக்கு வாசனை அப்படித் தூக்கியது. இருவரும் சிரித்துவிட்டோம். இந்த வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் சிரித்து நாளாகிவிட்டது. கெட்டிலைக் கப்பலுக்கே விட்டுக்கொடுத்துவிட்டோம்.

ஜூலை 6, ஞாயிறு

வேலை ஓடுகிறது. ஆறு மணிக்கு அவள் ஸ்கூட்டர் சத்தம் கேட்கும். முகம் கழுவி, டீ குடித்துவிட்டு உட்காருவோம். பலகையை வைத்து, துணி கிளிப்பால் பிடித்து, பசை காயும்வரை பேச்சு. நோயாளிகள் கதையெல்லாம் சொல்கிறாள். முட்டி வலி என்று வருகிற ஒரு நாடகக்காரர், காலைத் தூக்கச் சொன்னால் வசனம் பேசுகிறாராம். ஆல்வின் பேச்சும் வருகிறது. முன்பெல்லாம் அவன் பெயர் வந்தால் யாராவது ஒருவர் எழுந்து போய்விடுவோம். இப்போது பலகை கையில் இருப்பதால் எழுந்து போக முடிவதில்லை.

இந்தச் சாயங்காலங்கள் எனக்குப் பிடித்திருக்கின்றன. எழுதி வைப்பதில் தப்பில்லை.

ஜூலை 19, சனி

டெல்பின் வரைபடத்தை வைத்துக் கணக்குப் பார்த்தாள். இதே வேகத்தில் போனால் செப்டம்பருக்குள் முடிந்துவிடுமாம். "பாத்தீங்களா மாமா, நாம எவ்வளவு சுறுசுறுப்பு!" என்றாள்.

நானும் ஆமாம் என்றேன்.

ஜூலை 21, திங்கள்

இடப்பக்கம் மேலே ஒட்டிய பலகை சரியில்லை. கழற்றிவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பனிமய மாதா திருவிழா. ஊர் முழுக்கக் கூட்டம். பெனட் வந்தான், கூடவே நெவில்.

எப்படி இருப்பான் என்று நான் மனதில் ஒரு உருவம் வைத்திருந்தேன். கூலிங் கிளாஸ், வாசனைத் திரவியம், கொச்சிப் பெருமை. வந்தவன் முன்தலை லேசாக வழுக்கை விழுந்த, சட்டைப் பையில் சீப்பு வைத்திருந்த சாதாரண மனிதன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். நான் உட்காரும்வரை உட்காரவில்லை.

கப்பலைக் காட்டினேன். எல்லாரும் கேட்பது பீரங்கி எத்தனை என்றுதான். இவன் குனிந்து உள்ளே பார்த்து, "சார், கப்பல்ல போற அவ்வளவு பேரும் இதுக்குள்ள எங்க படுப்பாங்க?" என்று கேட்டான்.

"பீரங்கிக்கு நடுவுல தூளி மாதிரித் தொங்கல் கட்டிப் படுப்பான். ஒருத்தன் பொரண்டா பக்கத்துல உள்ளவனும் பொரளணும்."

"எங்க வீடும் அப்பிடித்தான் இருந்துச்சு சார். தங்கச்சிங்க நாலு பேரு." சிரித்தான். பிறகு டெல்பினைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னான்: "அவசரமே இல்ல சார். மெதுவா முடிங்க. நான் காத்திருப்பேன்."

அவர்கள் போன பிறகு அவனிடம் என்ன குறை என்று யோசித்தேன். நன்றாகத் தேடினேன். சீப்பைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

இடப்பக்கம் இரண்டு பலகை கழற்றினேன். பசை சரியாகப் பிடிக்கவில்லை. இந்தக் காலத்துப் பசை.

ஆகஸ்ட் 20, புதன்

காய்ந்த பசையை இளக்குவதற்கு ஸ்பிரிட் வேண்டும். பஞ்சில் தொட்டு ஓரத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் விட்டால் பலகை அலுங்காமல் வந்துவிடும். மத்தியானம் அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது செய்தால் வாடை போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை.

"என்ன மாமா, வீட்டுக்குள்ள எங்க ஆஸ்பத்திரி வாடை அடிக்கி?"

"கால்ல ஒரு கீறல். தொடச்சேன்."

அதோடு விட்டிருந்தால் அவள் டெல்பின் இல்லை. "காட்டுங்க" என்றாள். நல்லவேளையாக அடுப்பில் குழம்பு பொங்கியது, ஓடிப்போனாள். அந்த இடைவெளியில் நான் கணுக்காலில் ஒரு பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டேன். அறுபத்தெட்டு வயதில், இல்லாத காயத்துக்குப் பிளாஸ்திரி. திரும்பி வந்து பார்த்தவள், "நனைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். இனி மூன்று நாள் நனைக்காமல் குளிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இடப்பக்கம் ஒன்று கழற்றினேன். வலப்பக்கத்தைத் தொடவில்லை. அது அவள் வேலைவிட்டு வந்து இடுப்பு வலிக்க உட்கார்ந்து ஒட்டியது. அதைத் தொட எனக்கு மனசு வராது.

நான் பின்தங்குகிறேன் என்பதால் அவள் தன் பக்கத்தை நிறுத்தி வைத்துக் காத்திருக்கிறாள். "நீ பாட்டுக்கு ஒட்டிட்டே போ, நான் வந்து சேந்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டேன். சும்மா உட்கார்ந்திருந்தால் யோசிக்க ஆரம்பிப்பாள். நாலைந்து பலகை வித்தியாசத்தில் ஒன்றும் குடி முழுகிவிடாது.

செப்டம்பர் 14, ஞாயிறு

நெவில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் செய்கிறான். டெல்பின் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டே பேசுவாள். இன்று நான் கீழே செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

டீ விஷயத்தில் என்னோடு சிரித்தது வேறு. இது வேறு. கல்யாணமான புதிதில் ஆல்வின் ஏதாவது சொன்னால் இப்படித்தான் சிரிப்பாள், வயிற்றிலிருந்து வரும். அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பயம் வந்தது. செடிக்கு ஊற்றின தண்ணீர் தொட்டி நிரம்பி வாசல்வரை ஓடியிருந்தது.

செப்டம்பர் 15, திங்கள்

இடப்பக்கம் மூன்று பலகை.

செப்டம்பர் 27, சனி

டெல்பின் கேட்டாள்: "ஒங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியலையா மாமா? டாக்டர்ட்ட காட்டுவோமா? ஒங்க பக்கம் ஏறவே மாட்டேங்குதே."

கண் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். என் பக்கத்து வளைவு கொஞ்சம் கஷ்டமான வளைவு என்றும் சொன்னேன். இரண்டு பக்கமும் ஒரே வளைவுதான். அவள் மறுபடி போய்த் தன் பலகையை எடுத்தாள். அவள் பக்கத்தில் இன்னும் ஒரு வாரத்து வேலைதான் பாக்கி.

அக்டோபர் 5, ஞாயிறு

வலப்பக்கத்துக் கடைசிப் பலகை உட்காரவில்லை.

கோயிலுக்குப் போய் வந்து, முழு நாளும் லீவு, இன்றைக்கு என் பக்கத்தை முடித்துவிடுகிறேன் என்று சந்தோஷமாக உட்கார்ந்தாள். முன்பக்கம் அழுத்தினால் பின்பக்கம் எழும்புகிறது. பின்பக்கம் அழுத்தினால் முன்பக்கம் எழும்புகிறது. சீவிப் பார்த்தாள், ஊறவைத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து மேஜையைச் சுற்றிப் போய், கப்பலின் பின்னால் நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தாள். தையல் டப்பாவிலிருந்து நூல் எடுத்து, முன் முனையிலிருந்து பின் முனைவரை இழுத்துப் பிடித்தாள்.

"மாமா, இங்கன வாங்க."

"என்னம்மா?"

"பின்னால நின்னு பாருங்க."

"பாத்தாச்சு."

"கண்ணாடி போட்டுட்டுப் பாருங்க."

அடிமரம் நூலை விட்டு விலகி, முறுக்கிக்கொண்டு நின்றது. குழந்தைகூடச் சொல்லிவிடும்.

"என்கிட்ட வார புள்ளைங்கள்ல ரெண்டு பேருக்கு முதுகு இப்பிடித்தான் இருக்கு. ஒரு பக்கத்துச் சதை இழுக்கும், மறுபக்கம் ஈடு குடுக்காது. எலும்பு என்ன செய்யும், வளஞ்சு போவும்." அவள் குரலை உயர்த்தவில்லை. "என் பக்கம் முழுசா நெறஞ்சிருக்கு. ஒங்க பக்கம் பாதிகூட இல்ல. ஜூலையில நீங்க எனக்கு முன்னால இருந்தீங்க."

"பசை பிடிக்கலம்மா. அதான் கழட்டிக் கழட்டி..."

"ரெண்டு பேரும் ஒரே டப்பாலதான எடுக்கோம்?"

அவள் கையிலிருந்த பலகையை மேஜையில் வைத்துவிட்டு அறைக்குப் போனாள். கதவைச் சாத்தின சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை.

டப்பா ஒன்றுதான். இத்தனை நாளில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

அக்டோபர் 6, திங்கள்

மழை. சாப்பாடு மேஜையில் மூடி வைத்திருந்தது. பேச்சு இல்லை.

அக்டோபர் 9, வியாழன்

இன்று பேசினாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன் வேறு என்ன செய்வான். எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எதுக்கு மாமா அப்பிடிச் செஞ்சீங்க? எனக்குத் தெரியும். ஆனா ஒங்க வாயால சொல்லுங்க."

சொன்னேன். பிலோமி போனாள், ஆல்வின் இருந்தான். ஆல்வின் போனான், நீ இருந்தாய். நீயும் போனால் ஆறு மணிக்கு வாசலில் எந்தச் சத்தமும் கேட்காது. நான் பயந்துவிட்டேன். இவ்வளவுதான் சொன்னேன். வெங்காயம் இருந்தது வசதியாகப் போயிற்று.

அவள் ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தாள். பிறகு சொன்னாள்: "இத நேராவே சொல்லிருக்கலாம்லா? போகாத டெல்பின்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா அன்னைக்கே அண்ணன்கிட்ட வேண்டாம்னு சொல்லிருப்பேன். மனசு நோகாமத்தான் சொல்லிருப்பேன். ஆல்வின் வீட்டுல இருக்கதுக்கு எனக்கு என்ன கஷ்டம்?"

"தெரியும்மா."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

இதற்கு அவளிடம் பதில் சொல்லவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன். கேட்டால் இருந்துவிடுவாள் என்பது எனக்கு முதல் நாளே தெரியும். கேட்டு நிறுத்தினால் நான் கெட்டவன். கப்பல் முடியாமல் நின்றுபோனால் யார் மேலும் குற்றமில்லை. அந்த வசதிக்குத்தான் இவ்வளவு ஸ்பிரிட்டும்.

எழுந்து போகும்போது, "இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப் போகல மாமா" என்றாள். வாசல்வரை போய் நின்றாள். நான் கேட்பேன் என்று நின்றாள். நான் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

காலையில் மார்க்கெட் போய்த் திரும்பினால் வீட்டில் ஸ்பிரிட் வாடை. ஆல்வின் அறைக்கு ஓடினேன். டெல்பின் பஞ்சை நனைத்து வலப்பக்கத்து மேல் பலகையின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யுத?"

"என் பக்கத்தையும் கழட்டிருவோம். ரெண்டு பக்கமும் ஒண்ணாயிட்டா கோணல் நிமிந்துரும்லா? மொதல்லருந்து ஒட்டுவோம். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல." திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "நெவில்ட்ட சொல்லிருவேன். அவரும் எத்தன நாளுதான் காத்திருப்பாரு, வேற எடம் பாக்கட்டும்."

நான் ஆசைப்பட்டேன். அதை மறைத்து எழுதி என்ன பிரயோஜனம்? இன்னொரு வருஷம், இன்னும் எத்தனையோ சாயங்காலம். நான் ஒன்றும் செய்ய வேண்டாம், வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். நிற்கவும் செய்தேன். அவள் பஞ்சை எடுத்துவிட்டுப் பலகையின் நுனிக்குள் கத்தியைக் கொடுத்தாள். எவ்வளவு பார்த்துப் பார்த்து ஒட்டிய பலகை அது. ஒரு மயிரிழை இடைவெளி இருக்காது. அதை அவள் கையாலேயே நெம்புகிறாள்.

கத்தியை அவள் கையிலிருந்து வாங்கினேன். பஞ்சை எடுத்து வெளியே போட்டேன். நெம்பின இடத்தில் பசை வைத்துக் கிளிப் மாட்டினேன்.

"ஒரு விஷயம் ஒங்கிட்ட நான் சொல்லல டெல்பின். இந்த மாதிரிக் கப்பல் கட்டுதவங்க ரெண்டு பக்கமும் மூடணும்னு கட்டாயம் கெடையாது. ஒரு பக்கத்துக்குப் பலகை போடாம தொறந்தே விடுவாங்க. உள்ள இருக்க சட்டமெல்லாம் தெரியணும்னு. பழைய காலத்துலருந்தே உண்டு. அதுதான் அழகும்பாங்க."

"எப்ப தெரியும் ஒங்களுக்கு?"

"ஆல்வின் சொன்னதுதான். சட்டம் வெட்டும்போதே சொன்னான், ஒரு பக்கம் தொறந்து விடணும்ப்பான்னு."

அவள் என்னையே பார்த்தாள். "அப்போ இத மொதல்லயே சொல்லிருந்தா கப்பல் ஆகஸ்ட்லயே முடிஞ்சிருக்கும்லா?"

"ஆமா."

"சரியான ஆளு மாமா நீங்க." சிரிப்பதற்கு வாயைத் திறந்தவள் முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

கடைசிப் பலகையை நான் வாங்கி, அடியில் ஒரு நூல் அளவு சீவிக் கொடுத்தேன். முறுக்கு இருக்கிறபடி இருக்கட்டும், பலகையைத்தான் அதற்குத் தக்கபடி வளைக்க வேண்டும். அவள் ஒட்டினாள். நான் அழுத்திப் பிடித்தேன். உட்கார்ந்துவிட்டது. என் பக்கத்தில் அடியில் மிஞ்சியிருந்த பலகைகளை மட்டும் ஓரம் சீவி நேராக்கினேன். அதற்கு மேலே எல்லாம் திறந்து கிடக்கிறது. அவள் குனிந்து விரலை உள்ளே விட்டு ஒவ்வொரு சட்டமாகத் தொட்டாள்.

"எல்லாம் தெரியுது மாமா. ஒண்ணு விடாம தெரியுது."

"ஒன் பக்கத்த நீ முடிச்சுட்ட. என் பக்கம் இப்பிடித்தான் இருக்கணும். கப்பல் முடிஞ்சிருச்சு."

"கோணலா இருக்கே."

"அது என் கோணல். அது இருந்துட்டுப் போவுது. நீ பெனட்டுக்குப் பதில் சொல்லு."

அக்டோபர் 13, திங்கள்

காலையில் அவளே பெனட்டுக்குப் போன் செய்தாள். சரி என்று சொன்னாள். நான் பக்கத்தில் நிற்காமல் மார்க்கெட்டுக்குப் போய்விட்டேன். சீலா மீன் நன்றாக இருந்தது. வாங்கினேன்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். நானும் டெல்பினும் பூவும் மெழுகுவத்தியும் கொண்டு போனோம். நெவில் கொச்சியிலிருந்து வந்திருந்தான். கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நின்றுகொண்டான். உள்ளே வரலாமா கூடாதா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் தெரியாது.

டெல்பின் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. நான் வாசலுக்குப் போனேன்.

"என்ன, வெளியவே நிக்கீங்க? வாங்க."

"இல்ல சார், ஒங்க குடும்பம்..."

"காத்துக்கு மறைவா நிக்க ஒரு ஆளு வேணும். வாங்க."

வந்தான். காற்று வந்த திசையில் முதுகைக் காட்டி நின்றான். மெழுகுவத்தி நின்று எரிந்தது. திரும்பும்போது, "சாரு, மோருன்னு கூப்பிட வேண்டாம்" என்று அவனிடம் சொன்னேன். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டான். அதை அவனே யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

டெல்பின் பெட்டி அடுக்கத் தொடங்கிவிட்டாள். ஜனவரி கடைசியில் கல்யாணம். கப்பலைக் கொண்டுபோ என்றேன். அது இங்கேதான் இருக்க வேண்டும் என்றாள். வாதாடவில்லை.

எனக்குச் சாம்பார் வைக்கச் சொல்லித் தருகிறாள். நேற்று வைத்ததை அவள் சாப்பிட்டாள். அவள் நல்ல பெண்.

ஜனவரி 4, ஞாயிறு

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்ல வேண்டும் என்று. இன்று முதல் ஓலை. "காலஞ்சென்ற ஆல்வின் மோத்தாவின் கைம்பெண் டெல்பின்" என்று சாமியார் வாசித்ததும் முன்வரிசையிலிருந்து பின்வரிசைவரை எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரிய மனசு கஸ்பார் ஒங்களுக்கு" என்றார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர்களுக்கு ஸ்பிரிட் கதை தெரியாது.

ஜனவரி 11, ஞாயிறு

இரண்டாம் ஓலை. சளி பிடித்திருக்கிறது.

ஜனவரி 18, ஞாயிறு

வாடைக் காற்று. குளிர்.

மூன்றாம் ஓலை. டெல்பின் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சாமியார் பெயர்களை வாசித்தார். "இவர்களுடைய திருமணத்துக்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள்..." என்று சொல்லி, எப்போதும்போல அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார்.

அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்தது. தொண்டையில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. கோயில் மொத்தமும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு சத்தம் வந்தால் போதும், கஸ்பார் மோத்தா தடை சொல்ல வாயைத் திறந்துவிட்டான் என்று ஆகிவிடும். வாயைப் பொத்தினேன். மூச்சைப் பிடித்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. முதலில் இருமலால்தான் வந்தது. அப்புறம் வந்தது இருமலால் இல்லை.

டெல்பின் என் கையைப் பிடித்து, "இருமிருங்க மாமா, ஒண்ணும் ஆவாது" என்று காதோரம் சொன்னாள்.

நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். சாமியார் வாசித்து முடித்து, தாளை மடித்து உள்ளே வைக்கும்வரை நான் இருமவில்லை.